வெலிங்டன் பக்கம் இருக்கறவங்களுக்கு: சிடிஎஸ்னா யாரு, அவர் வேலை என்னன்னு கேட்டா எப்படிச் சொல்றது

குன்னூர்ல டாக்ஸி ஓட்டறவங்க, ஹோம்ஸ்டே வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் இது பழகிப்போன விஷயம், காட்டேரி பக்கம் வண்டி போறப்ப டூரிஸ்ட் ரெண்டு கேள்வி கேப்பாங்க. ஒண்ணு, 2021ல நாட்டோட முதல் சிடிஎஸ் (சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப், தமிழ்ல முப்படைத் தலைமைத் தளபதி) பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்த இடம் எது. ரெண்டு, "பிபின் ராவத் தானே மூணு படைக்கும் பாஸ், அவர் ஒரு வார்த்தை சொன்னா மூணு படையும் கிளம்பிடும்ல?" முதல் கேள்விக்கு நஞ்சப்பசத்திரம் பக்கம் கைய நீட்டிடலாம். ரெண்டாவதுக்கு நம்மள்ல முக்காவாசிப் பேரு "ஆமாங்க சார்"னு சொல்லிட்டு கியர் மாத்திடறாங்க, அது தப்பான பதில். இது அந்த ரெண்டாவது கேள்விக்கான கைட். படைல ஆபீசர் ஆகறதுக்கு எஸ்எஸ்பி இன்டர்வியூ போற பசங்க, டிஎன்பிஎஸ்சி படிக்கறவங்க, பிள்ளையோட ஸ்கூல் ப்ராஜெக்ட்ட ராத்திரி உக்காந்து பண்ற அம்மா அப்பா யாரு வேணா எடுத்துக்கலாம்.

மொதல்ல ஒரு பேப்பர் எடுத்து கோடு போட்டுப் பாருங்க, அப்படித்தான் இது மண்டையில ஏறும். மேல ஜனாதிபதி, அரசியல் சட்டம் 53வது பிரிவுப்படி முப்படைக்கும் உச்சத் தலைமை அவருக்குத் தான். ஆனா அது பேருக்கு, நிஜமா முடிவு எடுக்கறது பிரதமரும் அமைச்சரவையும், அதுலயும் பாதுகாப்புக்கான கேபினட் கமிட்டி. அதுக்குக் கீழ பாதுகாப்பு அமைச்சர். அங்கிருந்து மூணு கோடு கீழ இறக்குங்க, ராணுவத் தளபதி, கடற்படைத் தளபதி, விமானப்படைத் தளபதி. சண்டைக்குப் போற ஆர்டர் இந்த மூணு கோட்டுல தான் இறங்கும்.

இப்ப சிடிஎஸ்க்கு ஒரு கட்டம் போடணும். எல்லாரும் மூணு தளபதிக்கும் மேல கொண்டு போய் போடுவாங்க. போடாதீங்க. பாதுகாப்பு அமைச்சருக்குப் பக்கத்துல, அந்த மூணு கோட்டுக்கும் ஒதுங்கி, சைடுல போடுங்க. 2019 டிசம்பர் 24 அன்னைக்கு கேபினட் இந்தப் பதவிக்கு ஓகே சொன்னப்ப வந்த அரசு அறிவிப்புலயே இது தெளிவா இருக்கு, சிடிஎஸ் எந்த ராணுவ கமாண்டும் செலுத்த மாட்டாரு, மூணு தளபதிங்க மேலயும் கூட செலுத்த மாட்டாருன்னு. நாட்டுலயே மூத்த ஆபீசர், ஆனா ஒரு பட்டாலியன "நட"ன்னு சொல்ற அதிகாரம் அவர்கிட்ட இல்ல. ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு, சைபர், விண்வெளி சம்பந்தப்பட்ட முப்படை அமைப்புங்க மட்டும் அவர் கமாண்ட்ல வரும்னு அதே அறிவிப்புல இருக்கு, அதுக்கு ஒரு மெல்லிசு கோடு வேணா போட்டுக்கோங்க.

நம்ம ஊர்லயே நடந்தத எடுத்துக்கோங்க. 2024 மார்ச்ல குன்னூர் காட்டுல தீப்பிடிச்சு அணையவே மாட்டேன்னு நின்னப்ப சூலூர்ல இருந்து விமானப்படை மி-17 ஹெலிகாப்டர் வந்து பெரிய பக்கெட்ல தண்ணி மொண்டு ஊத்துச்சுல்ல, அதுக்கு சிடிஎஸ் டெல்லில உக்காந்து ஆர்டர் போடல, போடவும் தேவையில்ல. விமானப்படைக்குள்ள இருக்கற வரிசையிலயே முடியற வேலை அது.

அப்ப அவர் என்ன தான் பண்றாருன்னு அடுத்த கேள்வி வரும். அவருக்கு மூணு நாற்காலி இருக்குன்னு சொல்லுங்க.

முதல் நாற்காலி ஆலோசகர். மூணு படையும் சம்பந்தப்பட்ட விஷயத்துல பாதுகாப்பு அமைச்சருக்கு முதன்மை ராணுவ ஆலோசகர் இவர் தான். ஆனா தன் படைக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயத்த ஒவ்வொரு தளபதியும் நேரா அமைச்சர்கிட்டயே பேசலாம், அந்த வாசல மூடல. அணு ஆயுத ஆணையத்துக்கும் இவர் ராணுவ ஆலோசகர், பட்டன் இவர் கையில இருக்குன்னு நெனச்சிடாதீங்க, முடிவு பண்ற அரசியல் கவுன்சிலுக்குத் தலைவர் பிரதமர்.

ரெண்டாவது, தளபதிகள் கமிட்டிக்கு நிரந்தரத் தலைவர். "நிரந்தர"ங்கறத அழுத்திச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி மூணு தளபதிங்கள்ல யாரு சீனியரோ அவர் அந்த நாற்காலில உக்காருவாரு, ரிட்டயர் ஆனதும் அடுத்தவர்கிட்ட கொடுத்துட்டுப் போயிடுவாரு. 2019லயே பாருங்க, கடற்படை அட்மிரல் சுனில் லாம்பாகிட்ட இருந்து விமானப்படை பி.எஸ். தனோவா மே கடைசில வாங்கினாரு, செப்டம்பர்ல அவரும் ரிட்டயர், அப்புறம் ராவத்கிட்ட வந்துச்சு. ஒரே வருஷத்துல மூணு பேரு. நாலு மாசத்துல கிளம்பப் போற ஒருத்தர், அதுவும் தன் படைய நடத்தற முழுநேர வேலைக்கு நடுவுல, மூணு படைக்கும் சேத்து நீண்ட காலப் பிளான் போடுவாருன்னு எதிர்பார்க்கறது ஞாயமா?

மூணாவது நாற்காலிய தான் யாரும் சொல்றதில்ல, எனக்கென்னமோ அதுல தான் விஷயமே இருக்குன்னு தோணுது. பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ள ராணுவ விவகாரத் துறைன்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சு அதுக்கு சிடிஎஸ்ஸையே செயலாளர் ஆக்கிட்டாங்க. செயலாளர்னா சாதாரணமா ஐஏஎஸ் ஆபீசர் உக்காருற இடம். அதுக்கு முன்னாடி யூனிஃபார்ம் போட்டவங்க ஃபைல் அனுப்புவாங்க, அமைச்சகத்துல சிவிலியன் ஆபீசருங்க பாத்து குறிப்பு எழுதுவாங்க, இவங்க வெளிய காத்துக்கிட்டு இருக்கணும். இப்ப யூனிஃபார்ம் போட்டவர் ஒருத்தர் அமைச்சகத்துக்கு உள்ளயே, கையெழுத்துப் போடற இடத்துல இருக்காரு. சர்க்கார் ஆபீசுக்கு நடையா நடந்தவங்களுக்கு இந்த வித்தியாசம் எவ்ளோ பெருசுன்னு விளக்கவே வேண்டாம்.

இத நம்ம ஊர வெச்சே புரிய வைக்கலாம், டெல்லிக்குப் போகவே வேண்டாம். வெலிங்டன்ல இருந்து அருவங்காடு வரைக்கும் நடந்தா பாதுகாப்பு அமைச்சகத்தோட பல துறைகள பாத்துடலாம், மொத்தம் அஞ்சு துறை அங்க. எம்ஆர்சில பசங்க ட்ரெய்னிங் எடுக்கறாங்களே, 1758ல ஆரம்பிச்ச மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட சென்டர், அது ராணுவத்தோட சொந்த விஷயம், அமைச்சகத்துல அது ராணுவ விவகாரத் துறை பக்கம் வரும், அதாவது சிடிஎஸ் செயலாளரா இருக்கற துறை. கொஞ்சம் தள்ளி அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, அது 2021 அக்டோபர் 1ல இருந்து மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் கம்பெனிக்குக் கீழ, பாதுகாப்பு உற்பத்தித் துறை, சிடிஎஸ்க்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. கன்டோன்மென்ட் போர்டுல தண்ணி வரல, வரி ஜாஸ்தின்னு சண்ட போடறீங்களா, அது பாதுகாப்புத் துறை, செயலாளர் ஐஏஎஸ். என்சிசியும் அங்க தான். தாத்தாவோட பென்ஷன் பிரச்சனை, இசிஹெச்எஸ்ங்கற முன்னாள் படைவீரர் மருத்துவ கார்டு பிரச்சனைன்னா முன்னாள் படைவீரர் நலத் துறை. அஞ்சாவது டிஆர்டிஓ பக்கம், பாதுகாப்பு ஆராய்ச்சித் துறை. "சிடிஎஸ்க்கு மனு எழுதறேன்"னு இங்க நம்ம பெரியவங்க சில பேரு பென்ஷன் விஷயத்துக்குக் கிளம்பறாங்க, எழுதறதுல தப்பில்ல, ஆனா அது அவர் டேபிள் இல்லீங்க, தபால் செலவு தான் மிச்சம்.

காசு விஷயம் கேட்டா உஷாரா பதில் சொல்லணும். பெரிய பெரிய ஆயுதம் வாங்கற மூலதனக் கொள்முதல் பாதுகாப்புச் செயலாளர் பக்கமே நின்னுடுச்சு, சிடிஎஸ் கைக்கு வரல. அவர் பண்றது வரிசைப்படுத்தறது. நேவி விமானம் தாங்கிக் கப்பல் கேக்கும், விமானப்படை ஃபைட்டர் கேக்கும், ராணுவம் பீரங்கி கேக்கும், இருக்கற பணத்துல யாருக்கு முதல்ல, யாருக்கு அப்புறம்னு ஒருத்தர் சொல்லணும்ல. அஞ்சு வருஷ கொள்முதல் பிளான், அதுக்குள்ள ரெண்டு ரெண்டு வருஷமா உருட்டற பிளான் எல்லாம் அதுக்குத் தான். கசப்பான வேலை இது. பதவிக்கு வந்த சீக்கிரத்துலயே, 2020 பிப்ரவரி வாக்குல, மூணாவது விமானம் தாங்கிக் கப்பல விட நீர்மூழ்கிக்குத் தான் முன்னுரிமைங்கற மாதிரி ராவத் வெளிப்படையா பேசினாரு, நேவியோ அந்தக் கப்பல் வேணும்ங்கறதுல விடாப்பிடியா இருந்துச்சு. கல்யாண வீட்ல சாவி ஒருத்தர்கிட்ட பணம் ஒருத்தர்கிட்ட இருக்க, பந்தில யாரு முதல்ல உக்காரணும்னு மட்டும் முடிவு பண்ற பெரியப்பா மாதிரி, மரியாதை இருக்கும், திட்டும் அவருக்குத் தான் விழும்.

அடுத்து சேர்ந்து வேலை செய்யறது. இதுக்கும் நீலகிரி சூப்பர் உதாரணம். வெலிங்டன்ல ராணுவம், மலை இறங்கினா சூலூர்ல விமானப்படை, பாலக்காடு தாண்டிப் போனா கொச்சில நேவி. எல்லாம் ஒரு நாள் கார் பயணத்துக்குள்ள. ஆனா ராணுவத்தோட தெற்கு கமாண்ட் தலைமையகம் புனேல, விமானப்படையோட தெற்கு கமாண்ட் திருவனந்தபுரத்துல, நேவியோட தெற்கு கமாண்ட் கொச்சில. ஒரே திசைக்கு மூணு ஊர்ல மூணு தலைமையகம். நாடு முழுக்க இப்படி ராணுவத்துக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3ன்னு 17 தனித்தனி கமாண்ட், அதுபோக அந்தமானும் அணு ஆயுதத்துக்கான கமாண்டும் மட்டும் முப்படை சேர்ந்தது. இதெல்லாத்தையும் சேத்து ஒரு பகுதிக்கு ஒரே கமாண்டர்னு தியேட்டர் கமாண்ட் ஆக்கறதுக்கு வழி பண்ணணும்ங்கறது சிடிஎஸ்க்கு முதல் நாள்லயே கொடுத்த வேலை. லாஜிஸ்டிக்ஸ், ட்ரெய்னிங், ரிப்பேர், தகவல் தொடர்பு எல்லாத்துலயும் மூணு படைய ஒண்ணு சேக்க மூணு வருஷம்னு கெடு வேற வெச்சாங்க. கெடு எப்பவோ தாண்டிடுச்சு, அது வேற கதை. நடுவுல 2023ல ஒரு சட்டம் போட்டாங்க, முப்படை சேர்ந்த அமைப்புக்குத் தலைவரா இருக்கறவர் தனக்குக் கீழ இருக்கற மத்த படைக்காரங்க மேலயும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்னு. கேக்க சின்னதா இருக்கும், ஆனா அதுக்கு முன்னாடி ராணுவ ஆபீசர் ஒருத்தர் தன் கீழ வேலை பாக்கற நேவிக்காரர் மேல ஆக்‌ஷன் எடுக்கணும்னா அவரோட படைக்குத் தான் எழுதிக்கிட்டு இருக்கணும்.

சரி, இந்தப் பதவி ஏன் இவ்ளோ லேட்டா வந்துச்சுன்னு கேப்பாங்க, எஸ்எஸ்பில கண்டிப்பா கேப்பாங்க. 1999 கார்கிலுக்கு அப்புறம் கே. சுப்பிரமணியம் தலைமையில மறுஆய்வுக் கமிட்டி, நம்ம திருச்சிக்காரர் தான். அதத் தொடர்ந்து 2001ல அமைச்சர்கள் குழு சிடிஎஸ் வேணும்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ஒருங்கிணைந்த பாதுகாப்புப் படை தலைமையகத்த ஆரம்பிச்சாங்க, ஆபீஸ் இருக்கு, ஸ்டாஃப் இருக்கு, தலைமை நாற்காலி மட்டும் காலி, அப்படியே பதினெட்டு வருஷம் ஓடுச்சு. 2012ல நரேஷ் சந்திரா கமிட்டி தளபதிகள் கமிட்டிக்கு நிரந்தரத் தலைவராவது போடுங்கன்னுச்சு, 2016ல சேகத்கர் கமிட்டி திரும்பவும் சிடிஎஸ் வேணும்னு சொல்லுச்சு. கடைசில 2019 ஆகஸ்ட் 15 செங்கோட்டைல பிரதமர் மோடி அறிவிச்சாரு, 2020 ஜனவரி 1 ராவத் பொறுப்பேத்தாரு.

தயங்கினதுக்குக் காரணம் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல கமாண்டர் இன் சீஃப்னு ஒரே ஆளுகிட்ட எல்லாம் குவிஞ்சு கிடந்துச்சு, அவர் தங்கின மாளிகை தான் அப்புறம் நேருவோட வீடான தீன் மூர்த்தி பவன். சுதந்திரம் வந்ததும் மூணு படைக்கும் தனித்தனித் தலைவர், 1955ல கமாண்டர் இன் சீஃப்ங்கற பட்டமும் போய் தளபதிங்கள எல்லாம் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஆக்கினாங்க. சுத்தி இருக்கற நாடுகள்ல ராணுவம் ஆட்சியப் பிடிச்சத பாத்துட்டு ஒருத்தர் கையில மூணையும் கொடுக்க அரசியல்வாதிங்களுக்கு பயம். விமானப்படைக்கு வேற பயம், சைஸ்ல பெரிய ராணுவம் நம்மள முழுங்கிடுமோன்னு. அதனால தான் சிடிஎஸ் வந்தப்பவே கமாண்ட் அதிகாரம் இல்லாம வந்தாரு. அமெரிக்காலயும் இதே தான், 1986 சட்டப்படி அங்க ஜாயின்ட் சீஃப்ஸ் சேர்மன் ஜனாதிபதிக்கு முதன்மை ராணுவ ஆலோசகர், ஆர்டர் ஜனாதிபதிகிட்ட இருந்து பாதுகாப்பு அமைச்சர் வழியா நேரா களத்துல இருக்கற கமாண்டருக்குப் போகும், சேர்மன் நடுவுல அதிகாரம் செலுத்தறதில்ல.

இங்க ஒரு லோக்கல் சந்தேகம் வரும். "அப்ப மானெக்‌ஷா? அவர் தானே எல்லாரையும் விட பெரியவர்?" ஊட்டி பார்சி கல்லறைக்குப் போயிட்டு வர்றவங்க கேக்கறது. பதவியும் ரேங்க்கும் வேற வேறன்னு சொல்லுங்க. ஃபீல்டு மார்ஷல் அஞ்சு ஸ்டார், ரேங்க்ல அதுக்கு மேல இல்ல, ராணுவத்துல மானெக்‌ஷாவுக்கு 1973ல, கரியப்பாவுக்கு 1986ல, ரெண்டே பேருக்குத் தான் கொடுத்தாங்க. விமானப்படைல அதுக்குச் சமமா அர்ஜன் சிங் ஒருத்தர். ஆனா 1971 போர்ல மானெக்‌ஷா ராணுவத்துக்கு மட்டும் தான் தளபதி, நேவிய நடத்தினது அட்மிரல் எஸ்.எம். நந்தா, விமானப்படைக்கு பி.சி. லால். மானெக்‌ஷா வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ்ல கமாண்டன்ட்டா இருந்தவரு, ரிட்டயர் ஆகி குன்னூர்லயே செட்டில் ஆகி 2008 ஜூன் 27 வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரில தான் காலமானாரு, அதனால நம்மாளுங்களுக்கு அவர் மேல தனிப் பாசம், முப்படைக்கும் அவரே தலைவர்னு பேச்சுவாக்குல வந்துடுது. சிடிஎஸ் நாலு ஸ்டார், சம்பளமும் தளபதிங்களுக்குச் சமம். சமமானவங்கள்ல முதல் ஆளு, அவ்ளோ தான்.

ரோட்ல கான்வாய் போறப்ப அடையாளம் கண்டுபிடிக்கறது ஈசி, ஸ்டார் பிளேட்ட எண்ணுங்க. ஒரு ஸ்டார்னா பிரிகேடியர், எம்ஆர்சி கமாண்டன்ட் அந்த ரேங்க். ரெண்டுன்னா மேஜர் ஜெனரல். மூணுன்னா லெஃப்டினன்ட் ஜெனரல், ஸ்டாஃப் காலேஜ் கமாண்டன்ட். நாலுன்னா ஜெனரல், தளபதியா சிடிஎஸ்ஸான்னு பாக்க கலர பாருங்க, ராணுவத்துக்கு சிவப்பு, நேவிக்கு கருநீலம், விமானப்படைக்கு இளநீலம், சிடிஎஸ் கொடி மெரூன். யூனிஃபார்ம் அவர் வந்த படையோடது தான், தோள்பட்டைல மெரூன், பட்டன்ல, பெல்ட்டுல முப்படை சின்னம். எண்ணுங்க, ஃபோன தூக்கி வீடியோ மட்டும் எடுக்காதீங்க, கன்டோன்மென்ட் ஏரியா, அப்புறம் செக்போஸ்ட்ல நின்னு பதில் சொல்லணும்.

2021 டிசம்பர் 8 பத்தி பேசறப்ப கொஞ்சம் நிதானமா பேசுங்க. ஸ்டாஃப் காலேஜ்ல பேசறதுக்காக சூலூர்ல இருந்து மி-17வி5ல வந்துட்டு இருந்தாங்க, ராவத், அவர் மனைவி மதுலிகா, ஆபீசருங்க, விமானப் பணியாளருங்கன்னு 14 பேரு. 13 பேரு அன்னைக்கே போயிட்டாங்க, குரூப் கேப்டன் வருண் சிங் பெங்களூர்ல ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 இறந்துட்டாரு. நஞ்சப்பசத்திரத்துக்காரங்க வீட்ல இருந்த கம்பளி பெட்ஷீட்ட தூக்கிக்கிட்டு ஓடினாங்க, அதச் சொல்லுங்க. சதி, குண்டு, மரத்துல பட்டுச்சுன்னு ஆளாளுக்கு ஒரு கதை சொல்லாதீங்க. பள்ளத்தாக்குல வானிலை திடீர்னு மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள்ள போயிடுச்சு, பைலட்டுக்கு திசை குழம்பி நல்லா இருந்த வண்டி மலையில மோதிடுச்சுன்னு விமானப்படை விசாரணை 2022 ஜனவரில சொல்லிடுச்சு, நாசவேலையும் இல்ல, மெக்கானிக்கல் ஃபால்ட்டும் இல்ல. மதியத்துலயே மூடுபனி இறங்கி முன்னாடி போற பஸ்ஸோட பேக்லைட்டு தெரியாம ஓட்டின நமக்கு இது நம்பறதுக்கு கஷ்டமா?

இதுக்கு அப்புறம் நடந்தது தான் சிடிஎஸ் வேலை என்னன்னு புரிய வைக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல பாயிண்ட். அந்த நாற்காலி 2022 செப்டம்பர் 30 அனில் சௌஹான் வர்ற வரைக்கும் கிட்டத்தட்ட பத்து மாசம் காலி. கமிட்டித் தலைமை பழைய முறைப்படி சீனியர் தளபதியான நரவணேகிட்ட போச்சு. எல்லைல சீனாவோட இழுபறி ஓடிட்டு இருந்த நேரம் அது, ஆனாலும் ஆர்டர் போற வரிசைல ஒரு கண்ணி கூட அறுந்து போகல, ஏன்னா அவர் அந்த வரிசைலயே இல்ல. தேங்கினது தியேட்டர் கமாண்ட் மாதிரி சேத்து வைக்கற வேலைங்க தான். டூரிஸ்ட் "அவர் இல்லாம படை எப்படி ஓடுச்சு"ன்னு கேட்டா இதச் சொல்லுங்க.

யாரு ஆகலாம்ங்கறதும் கேப்பாங்க. 2022 ஜூன்ல விதிய மாத்தினாங்க, தளபதியா இருந்தவங்க தான்னு இல்ல, 62 வயசுக்குள்ள இருக்கற லெஃப்டினன்ட் ஜெனரல், வைஸ் அட்மிரல், ஏர் மார்ஷல், சர்வீஸ்ல இருந்தாலும் சரி ரிட்டயர் ஆனாலும் சரி, எடுக்கலாம்னு. சௌஹான் அப்படி வந்தவர் தான், கிழக்கு கமாண்ட்ல ரிட்டயர் ஆன லெஃப்டினன்ட் ஜெனரல். 65 வயசு வரைக்கும் நீட்டிக்கலாம். பதவிய விட்டு இறங்கினா அப்புறம் எந்த அரசுப் பதவியும் வகிக்கக் கூடாது, அஞ்சு வருஷத்துக்கு அனுமதி இல்லாம பிரைவேட் வேலையும் கூடாதுன்னு 2019லயே எழுதிட்டாங்க. இன்டர்வியூக்குப் போறவங்க இப்ப யாரு சிடிஎஸ்னு அன்னைக்குக் காலைல ஒரு தடவ செக் பண்ணிட்டுப் போங்க, ஆளு மாறும், பழைய கைட் புக்க நம்பாதீங்க.

இன்டர்வியூல பதில் சொல்றப்ப நீட்டி முழக்க வேண்டாம். "மூணு தளபதிங்களுக்கும் கமாண்டர் இல்ல சார், அமைச்சருக்கு முப்படை விஷயத்துல ஆலோசகர், தளபதிகள் கமிட்டிக்கு நிரந்தரத் தலைவர், ராணுவ விவகாரத் துறைக்குச் செயலாளர்" இத சொல்லிட்டு வாய மூடிடுங்க, அவங்களே அடுத்தது கேப்பாங்க. தியேட்டர் கமாண்ட் நல்லதா கெட்டதான்னு கேட்டா ரெண்டு பக்கமும் சொல்லுங்க, சாயறதா இருந்தா காரணத்தோட சாயுங்க. நம்ம பக்கத்து ஆளுங்க பேர கேட்டா திருச்செங்கோடு பக்கத்து குமாரமங்கலம் குடும்பத்துல பி.பி. குமாரமங்கலம் மானெக்‌ஷாவுக்கு முன்னாடி ராணுவத் தளபதி, அப்புறம் சுந்தர்ஜி, பத்மநாபன், விமானப்படைல எஸ். கிருஷ்ணசாமி, தமிழ் ஆளுங்க தளபதியா இருந்திருக்காங்க.

கடைசியா, கோத்தகிரி, குன்னூர் பசங்க சில பேரு "அண்ணா நான் சிடிஎஸ் எழுதறேன்"னு சொன்னதும் வீட்ல பெரியவங்க முப்படைத் தலைவர் பரிட்சைன்னு நெனச்சு சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஃபோன் போட்டுடறாங்க. அது யுபிஎஸ்சி வருஷத்துக்கு ரெண்டு தடவ வைக்கற கம்பைன்டு டிஃபென்ஸ் சர்வீசஸ் எக்ஸாம், பாஸ் பண்ணி எஸ்எஸ்பியும் தாண்டினா டேராடூன், எழிமலை, ஹைதராபாத் அகாடமி இல்லன்னா நம்ம சென்னை ஓடிஏ, ராணுவத்துக்குப் போனவங்க வெளிய வர்றப்ப தோள்ல ரெண்டு ஸ்டார் இருக்கும், லெஃப்டினன்ட். கார்ல வைக்கற ஸ்டார் கணக்கு வேற, தோள்ல குத்தற ஸ்டார் கணக்கு வேற, அதையும் வீட்ல சொல்லிடுங்க, இல்லன்னா பாட்டி மேஜர் ஜெனரல்னு ஊர் பூரா சொல்லிடும்.